வலிக்காத கட்டியும் உள்ளிழுக்கும் தோலும்

"குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தொட்டால் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வலி இல்லை. வலிக்காத கட்டிக்கு எதற்கு டாக்டர் என்று மாமியார் சொல்கிறார். வலி இல்லையென்றால் புற்றுநோய் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 43.

முதலில் அவருக்கு நேரடியான பதில்: அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, அதனால் பயந்துபோக வேண்டாம். ஆனால் எது எந்த வகை என்பதை வலியை வைத்து முடிவு செய்ய முடியாது. மாதவிடாய்க்கு முன் மார்பு கனத்து வலிப்பது ஹார்மோன் வேலை. நீர்க்கட்டி வேகமாக நிரம்பினால் அதன் சுவர் விரிந்து வலிக்கும். புற்றுக்கட்டி அப்படியல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வளர்வதால், ஆரம்பத்தில் நரம்புகள் கூச்சலிடும் அளவுக்கு எதையும் திடீரென்று இழுப்பதுமில்லை, அழுத்துவதுமில்லை.

செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் புற்றுநோய் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி ஏறக்குறைய 30 முறை இரட்டித்தால் நூறு கோடி செல்கள் சேரும். அது சுமார் 1 செ.மீ. கட்டி. அங்கிருந்து 2 செ.மீ. ஆவதற்கு இன்னும் 3 இரட்டிப்பு போதும், ஏனென்றால் விட்டம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. ஒரு இரட்டிப்புக்குப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். ஆக, கையில் தட்டுப்படும்போதே கட்டி தன் வளர்ச்சியில் பெரும்பகுதியை முடித்துவிட்டது. "இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்" என்பது அதற்குப் பெரிய சலுகை.

சரி, ஏன் அது அவ்வளவு கெட்டி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புற்றுசெல்லைத் தனியாக எடுத்து அளந்தால், பல அளவீடுகளில் அது சாதாரண செல்லைவிட இளக்கமாக இருக்கிறது. அப்படியானால் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது? நம் உடம்பே கட்டியைச் சுற்றிக் கட்டும் நார்களிலிருந்து. கையில் வெட்டுப்பட்டால் காயத்துக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் ஓடிவந்து கொலாஜன் நார்களை இழைத்துப் போடும். அவற்றில் சில, தசை செல்களைப் போலச் சுருங்கும் திறனையும் பெற்று, வெட்டின் இரு விளிம்புகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். தழும்பு இறுகிக் கெட்டியாக இருப்பது அதனால்தான். காயம் ஆறியதும் இந்த செல்கள் வேலையை நிறுத்திவிடும்.

காயம்பட்ட இடம் அனுப்பும் அதே வேதிச் செய்திகளைப் புற்றுசெல்களும் அனுப்புகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நம்பி வருகின்றன, இழைக்கின்றன, இழுக்கின்றன. ஆனால் "ஆறிவிட்டது, போதும்" என்ற செய்தி மட்டும் வருவதே இல்லை. 1986இல் ஹரால்ட் டுவோராக் என்ற நோய்க்குறியியல் அறிஞர் புற்றுக்கட்டிகளை ஆறாத காயங்கள் என்று விவரித்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து அமெரிக்க ஆய்வகங்கள் வரை எங்கே நுண்ணோக்கியில் பார்த்தாலும், பெரும்பாலான மார்பகப் புற்றுகளில் செல்கூட்டங்களைச் சுற்றி அந்த நார்க்காடு தெரியும். விரலில் நாம் உணரும் கெட்டி, பெருமளவு அந்தத் தழும்புதான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகளில் பலவும் தாமாக விளங்கிவிடும். மார்பகத்துக்குள் தோலிலிருந்து உள்சவ்வு வரை மெல்லிய நார்க்கயிறுகள் ஓடுகின்றன. 1840இல் இவற்றை விவரித்த ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் கூப்பர் தசைநார்கள் என்று சொல்கிறார்கள். இலவம்பஞ்சு மெத்தையில் குறுக்கே போட்ட தையலை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தையலை அடியிலிருந்து இழுத்தால் மேல்துணி அந்த இடத்தில் குழியும். கட்டியைச் சுற்றிய நார்கள் சுருங்கி ஒரு கூப்பர் கயிற்றை இழுக்கும்போது தோலில் விழும் பள்ளம் அதேதான். பால்நாளங்கள் இழுபட்டால் காம்பு உள்ளே போகும். பிறவியிலிருந்தே உள்வாங்கிய காம்பு பிரச்சினையில்லை. நேற்றுவரை வெளியே இருந்தது இன்று உள்ளே போனால்தான் கவலை.

கண்ணாடி முன் நின்று கைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் இந்த இழுவைதான். கையைத் தூக்கும்போது மார்பகம் முழுவதும் மேலே போகிறது. நல்ல கயிறுகள் கூடவே விட்டுக்கொடுக்கும், சுருங்கிய கயிறு விடாது. சும்மா நிற்கும்போது தெரியாத பள்ளம் அப்போது தெரியும். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தினால் மார்புத் தசை இறுகி அடியிலிருந்து இழுக்கும், அப்போதும் வெளிப்படலாம். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படத்தில் கட்டியிலிருந்து நாலாபக்கமும் கதிர்கள் நீள்வதுபோல் தெரிவதும் இந்த நார்கள்தான்.

இளம்பெண்களுக்கு அடிக்கடி வரும், புற்றல்லாத ஃபைப்ரோஅடினோமா கட்டி தெளிவான விளிம்போடு சுற்றுத்திசுவை ஒதுக்கிக்கொண்டு வளர்வதால், விரலுக்கடியில் நழுவி ஓடும். புற்று ஊடுருவிப் பின்னிக்கொள்வதால் பெரும்பாலும் அசையாது. ஆனாலும் நழுவுகிறதே என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். விரல் சந்தேகத்தைத்தான் எழுப்பும்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிணநீர்க் குழாய்கள் அடைபட்டால் தோல் வீங்கி ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாகக் குழியும். பாலூட்டாத காலத்தில் ஒரு மார்பிலிருந்து மட்டும், யாரும் அழுத்தாமலே, ரத்தம் கலந்த கசிவு வரலாம். அக்குளில் நெறிகட்டி அது கரையாமலே இருக்கலாம். காம்பில் வரும் சொறி மாதக்கணக்கில் களிம்பு போட்டும் ஆறாவிட்டால் அது பேஜட் நோய் என்னும் காம்புப் புற்றாக இருக்கலாம். மார்பு சிவந்து சூடாக வீங்கி, ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் ஒரு வாரம் பத்து நாளில் வடியாவிட்டால் அழற்சி வகைப் புற்றா என்று பார்க்க வேண்டும். அதில் கட்டியே இல்லாமலும் இருக்கலாம். பாலூட்டும் தாய்மாரிடம் பால்கட்டு என்று சொல்லி இதைத் தள்ளிப்போடுவது நடக்கிறது. ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும்: இந்த நோய் வரும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண்.

இனி, சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன கிடைக்கிறது? மார்பகத்தோடு நின்ற நோயும், எலும்புக்கோ நுரையீரலுக்கோ போய்விட்ட நோயும் ஒன்றல்ல. முதலாவதில் நோக்கம் குணப்படுத்துவது, இரண்டாவதில் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது. அமெரிக்கப் பதிவுகளில் மார்பகத்தோடு நின்ற நோய் உள்ளவர்களின் 5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம் 99 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, தொலைவில் பரவியவர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம், சிறிய கட்டிக்கு மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் சமம்தான் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலிய அறுவை மருத்துவர் உம்பெர்த்தோ வெரோனேசியும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் காட்டின. மார்பை இழப்போம் என்ற பயத்தில் காட்டாமல் இருப்பவர்களுக்கு இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

சுயபரிசோதனையைப் பற்றி ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஷாங்காயில் 2,66,000 பெண் தொழிலாளர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு வேறு வழியில் போனது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். ஒன்றரை லட்சம் பெண்கள், 20 ஆண்டுத் தொடர் கண்காணிப்பு. நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஒரு ஜோடிக் கையும் பயிற்சியும் மட்டுமே கருவி! இந்த ஆய்வுக்கு அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் நிதி கொடுத்தது. நம் பெண்களின் உயிர் பற்றிய கேள்விக்கு நம் வரிப்பணமே முதலில் வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 50 வயதுக்குக் கீழே என்ன செய்தால் பலிக்கும் என்ற அடுத்த கேள்விக்காவது வரட்டும். தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம். போக வேண்டியது நாம்தான்.

"ஊசி பட்டால் பரவிவிடும்" என்ற நம்பிக்கை இன்னமும் ஆட்களைக் கொல்கிறது. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்துகொண்டதால் ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரமில்லை. மிகவும் முற்றிய பிறகு வந்து, ஊசி போட்டு, சீக்கிரமே இறந்தவர்களைப் பார்த்துக் கிளம்பிய கதை அது. அந்த ஊசி எடுத்துவரும் நூலளவு திசுதான், இது புற்றா, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுமா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகையா என்றெல்லாம் சொல்கிறது.

கேள்வி கேட்ட வாசகிக்கு இன்னொன்று. மேலே சொன்ன தழும்புக் கதைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மார்பகப் புற்றில் பத்தில் ஒன்று அளவுக்கு வரும் லோபுலார் வகையில், செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேடரின் என்ற புரதம் இருப்பதில்லை. அதனால் அவை திரளாமல் ஒற்றை வரிசையில் திசுவுக்குள் நுழைந்து போகும். நார்களும் அவ்வளவாக இறுகாது. கையில் கட்டியாகப் படாமல் ஒரு பக்கம் தடித்ததுபோல் மட்டும் இருக்கும், மேமோகிராமிலும் நழுவிவிடலாம். எனவே படம் நார்மல் என்று வந்த பிறகும் அந்தத் தடிப்பு அடுத்த மாதவிடாய் முடிந்தும் அப்படியே இருந்தால், திரும்பப் போய் அல்ட்ராசவுண்டும் தேவைப்பட்டால் பயாப்ஸியும் கேளுங்கள்.