முந்நூறு கிலோ கெபினும் கை உணராத விசைகளும்

திருகோணமலையில் முப்பது ஆண்டுகள் ஓடிய ஒரு கெப் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு, மேலே தெரியும் வர்ணத்தை நம்பி வாகனம் வாங்கக் கூடாது என்பது விளங்கியிருக்கும். உவர்மலையிலோ உப்புவெளியிலோ நிலாவெளியிலோ இரவு நேரத்தில் நிறுத்தப்படும் வாகனத்தின் மீது கடற்காற்று படியவிடும் உப்பில், நாம் கறிக்குப் போடும் சோடியம் குளோரைட்டு மட்டுமல்லாமல் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டும்போதுதான் முன்னையது காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பின்னையதற்கோ 33 சதவீதமே போதும். ஆகவே கச்சான் காற்று வீசி மண்ணெல்லாம் வறண்டு கிடக்கும் ஆடி மாதத்திலும், உப்புப் படிந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமொன்று இருந்துகொண்டே இருக்கும். துரு அந்தப் படலத்தில்தான் வேலை செய்கிறது.

அந்தத் துரு வண்டியின் அடிச்சட்டமான செசியை, அதிலும் சாரதி அமரும் கெபினுக்கு நேர்கீழே உள்ள பகுதியைத் தின்னத் தொடங்கிவிட்டால், வெல்டிங் கம்பியைக் கொண்டுபோக இடமிருக்காது. கெபினைக் கழற்றித் தூக்குவது ஒன்றே வழி. நல்ல வேளையாக, பழைய கெப் வண்டிகளில் கெபின் செசியோடு ஒட்டி வார்க்கப்பட்டதல்ல. ஏணியைக் கிடத்தியது போன்ற செசியின் மேல் சில றப்பர் மவுண்டுகள் இருக்கும். அவற்றின் மேல் கெபின் அமர்ந்து, ஒவ்வொரு மவுண்டிலும் ஒரு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு சில போல்ட்டுகளைக் கழற்றினால் பானையின் மூடியைப் போல அது மேலே வந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

ஆசனங்களையும் கண்ணாடிகளையும் கழற்றிய ஒற்றைக் கெபின் ஒன்றின் திணிவு, வண்டியின் வகையைப் பொறுத்துச் சில நூறு கிலோகிராம் இருக்கும். இந்தக் கட்டுரையின் கணக்குகளுக்காக அதை 300 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு சீமெந்துப் பைகளின் பாரம் அது. யாரையும் மிரட்டும் பாரமல்ல. அதனால்தான் இந்த வேலையில் கவனக்குறைவும் எளிதாக நுழைந்துவிடுகிறது. உண்மையில் ஆபத்து அந்த 300 கிலோகிராமில் இல்லை. தூக்கும் கருவிகளும் கயிறுகளும் அதை வேறு அளவுகளாகவும் வேறு திசைகளிலும் மாற்றிவிடுவதில் இருக்கிறது. அந்த மாற்றத்தைக் கை உணர்வதில்லை.

கராஜ்களில் பெரும்பாலும் பயன்படுவது, கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு தொன் செயின் புளொக். முழுப் பாரமான 1,000 கிலோகிராமைத் தூக்கும்போது, கைச் சங்கிலியை ஏறத்தாழ 30 கிலோகிராம் விசையோடு இழுத்தால் போதும். பாடசாலையில் பொறிமுறை நயம் என்று படித்தோமே, அது இதுதான். விசையில் கிடைக்கும் இலாபத்தைத் தூரத்தில் செலுத்த வேண்டும் என்பதால், கெபின் ஒரு சென்ரிமீற்றர் உயர்வதற்குச் சங்கிலியைப் பல பத்துச் சென்ரிமீற்றர்கள் இழுக்க வேண்டியிருக்கும். இழுப்பதை நிறுத்தினாலும் பாரம் கீழே ஓடாமல் நிற்பது உராய்வினால். பாரமே உள்ளே உள்ள உராய்வுத் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிக்கொள்கிறது. தூக்கும்போது கேட்கும் ‘டிக், டிக்’ ஒலி, தட்டுகள் பின்னோக்கிச் சுழலாமல் பற்றிக்கொள்ளும் சிறு நாக்கினுடையது. உப்புக் காற்றில் அந்த நாக்கின் சுருள்வில் துருப்பிடித்து ஒடிந்துபோகக்கூடும். துருவுக்குப் பயந்து உராய்வுத் தட்டுகளில் எண்ணெய் ஊற்றுவதோ அதைவிட மோசமானது; பிடிக்க வேண்டிய தட்டு வழுக்கும். ஒலி கேட்காத செயின் புளொக்கை நான் நம்ப மாட்டேன்.

இப்போது கைக்குத் திரும்புவோம். 300 கிலோகிராம் கெபினைத் தூக்கும்போது கை உணர்வது ஏறத்தாழ 10 கிலோகிராம். கெபினின் ஏதோ ஒரு மூலை செசியோடு இன்னும் பிணைந்திருக்கிறது என்றும், அதனால் கையிழுவை 10 இலிருந்து 13 ஆக உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கிலோகிராம் வேறுபாட்டை, வியர்த்து வழியும் ஒருவர் பொருட்படுத்தவே மாட்டார். கொழுக்கியிலோ அது மேலதிகமாக 90 கிலோகிராம் இழுவை. பிரேக் குழாயை வளைக்கவும், துருவேறிய தகட்டைக் கிழிக்கவும் அது தாராளமாகப் போதும். நான் நேரில் கண்ட ஒரு கராஜில், இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து கெபினின் முன்சுவருக்குச் செல்லும் எர்த் வயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது அறுந்த கணத்தில் கெபின் ஒரு பக்கமாகத் துள்ளி எழும்பியது. அருகில் நின்றவரின் விரல்கள் தப்பியது அவர் அப்போது தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்ததால் மட்டுமே.

எனவே தூக்குவதற்கு முன்பு செய்யும் வேலைதான் நீண்ட வேலை. பற்றறியை முதலில் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டின் மூட்டில் ஒரு கோடு கீறிக்கொண்டு, அதை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்துவதோடு நில்லாமல் முழுமையாக உருவ வேண்டும். கிளட்ச் குழாய், அக்சிலேற்றர் கேபிள், வேகமானிக் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், சூடாக்கிக்குச் செல்லும் தண்ணீர்க் குழாய்கள், கியர் நெம்பு, வயர்க் கட்டுகள் ஆகிய ஒவ்வொன்றும் கெபினுக்கும் செசிக்கும் இடையிலுள்ள ஒரு பாலம். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒட்டு நாடாவில் எண் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுவது நல்லது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் குழாய்களைத் திறப்பதானால் பிரேக் எண்ணெய் சிந்தாமல் பார்க்க வேண்டும். அது வர்ணத்தை உரித்துவிடும், திறந்திருந்தால் காற்றின் ஈரத்தையும் குடித்துவிடும்.

மறதிக்கு எதிராக இன்னொரு காவலும் உண்டு. கொழுக்கிக்கும் கயிறுகளுக்கும் இடையில் போதிய கொள்ளளவுடைய தூக்குத் தராசு ஒன்றைக் கொழுவினால், கை உணராததைக் கண் வாசிக்கும். தரையிலிருந்து விடுபட்டுச் சுயாதீனமாகத் தொங்கும் பொருளின் பாரம் ஓர் அங்குலம் உயர்ந்தாலும் ஓரடி உயர்ந்தாலும் மாறுவதில்லை என்பதால், கெபின் விடுபட்டதும் தராசின் எண் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். சங்கிலியை இழுக்க இழுக்க எண் ஏறிக்கொண்டே போனால், எங்கோ ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். கெபினின் உண்மையான பாரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லாத சோதனை என்பது இதன் சிறப்பு.

மவுண்ட் போல்ட்டுகள் தனிக்கதை. இரும்பு துருவாகும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. போல்ட்டின் புரிகளுக்கிடையில் அப்படிப் பெருகுவதற்கு இடமில்லாததால், துரு ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் போல்ட்டைச் சற்று இறுக்கிப் பின் தளர்த்தினால் துருப் படலம் நொறுங்கிவிடுவதுண்டு. நெருப்புக் காட்டுவது இதைவிட விரைவான வழி என்றாலும், பக்கத்திலேயே றப்பரும், அடிப்பாகத்தில் பூசிய தாரும், எரிபொருள் குழாயும் இருக்கும் இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெபினின் தகட்டுப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் நட் போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால் போராடிப் பயனில்லை. கெபினுக்கும் செசிக்கும் இடையில் வாள் அலகைச் செலுத்திப் போல்ட்டையே அறுப்பதுதான் சரி.

அடுத்தது கோணம். உயர்தரப் பௌதிகவியலில் விசை இணைகரம் படித்தவர்கள்கூடக் கராஜுக்குள் நுழைந்ததும் இதை மறந்துவிடுகிறார்கள். 300 கிலோகிராம் பாரத்தை இரண்டு கயிறுகள் சரிசமமாகத் தாங்கினால், ஒவ்வொன்றுக்கும் 150 என்று மனம் கணக்குப் போடும். கயிறுகள் இரண்டும் நிலைக்குத்தாக இருந்தால்தான் அது உண்மை. கிடைத்தளத்தோடு 60 பாகையில் சாய்ந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் இழுவை 173 கிலோகிராம். 45 பாகையில் 212. 30 பாகையில் ஒவ்வொரு கயிறும் முழுப் பாரமான 300 ஐயே தாங்குகிறது. 15 பாகைக்குப் படுத்துவிட்டால் இழுவை 580. கயிறு அறுவது ஒருபுறமிருக்க, அதே சாய்வு கெபினின் இரு பக்கங்களையும் உள்நோக்கி நெரிக்கிறது: 30 பாகையில் அந்த நெரிப்பு 260 கிலோகிராம், 15 பாகையில் 560. கதவுகளைக் கழற்றிய கெபின் மூடியில்லாத பிஸ்கட் பெட்டியைப் போன்றது. நிலைக்குத்தான பாரத்தைத் தாங்கும், பக்கத்திலிருந்து அமுக்கினால் நெளியும். நெளிந்த கெபினில் கதவுகள் பிறகு ஒருபோதும் ஒழுங்காகப் பூட்டா.

தாழ்ந்த கூரைதான் இந்தத் தவறுக்குக் காரணம். 1.4 மீற்றர் இடைவெளியுள்ள இரு பிடிகளிலிருந்து 60 பாகையில் கயிறு போக வேண்டுமானால், கொழுக்கி அவற்றுக்கு 1.2 மீற்றர் மேலே இருக்க வேண்டும்; உயரம் 40 சென்ரிமீற்றர்தான் என்றால் கோணம் 30 பாகைக்கு இறங்கிவிடும். இதற்குத் தீர்வு, கயிறுகளுக்கிடையில் ஒரு வலுவான இரும்புக் குழாயையோ மரச் சட்டத்தையோ குறுக்கே கொடுத்து, அதிலிருந்து கெபினுக்கு நிலைக்குத்தாகக் கயிறுகளை இறக்குவது. நெரிக்கும் விசை முழுவதையும் அந்தச் சட்டம் வாங்கிக்கொள்ளும். துருவேறிய கெபினாக இருந்தால் கதவு வாசல்களுக்குக் குறுக்கே கோண இரும்பைத் தற்காலிகமாக வெல்ட் பண்ணிக்கொள்வதும் அவசியம்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். துறைமுக நகரத்தில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. படகில் கழித்த நைலோன் கயிறு எல்லா வீட்டிலும் ஒரு சுருள் கிடக்கும். வெயிலில் அதன் இழைகள் நைந்திருக்கும்; ஒரு முடிச்சுப் போட்டாலே வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும்; போதாததற்கு, இழுபடும் நைலோன் வில்லைப் போலச் சக்தியைச் சேமித்து வைத்து, அறும்போது அதைச் சவுக்காகத் திருப்பித் தரும். பாரம் தூக்குவதற்கென்றே நெய்யப்பட்ட பொலியெஸ்ரர் பட்டிகள் விலை கூடியவையல்ல. ஊதா நிறப் பட்டி ஒரு தொன்னுக்கும் பச்சை இரண்டு தொன்னுக்கும் உரியவை. தகட்டின் கூரிய விளிம்பில் பட்டி படும் இடத்தில் பழைய ரியூப் துண்டை மடித்து வைக்க வேண்டும்.

செயின் புளொக்கை எதில் தொங்கவிடுவது என்பதும் சாதாரண கேள்வியல்ல. முருங்கைக் கொப்பில் ஏறாதே என்று பிள்ளைகளை அதட்டும் நாம், முந்நூறு கிலோவை மாங்கொப்பில் தொங்கவிடத் தயங்குவதில்லை. மூன்று பனங்குற்றிகளால் கட்டும் முக்காலி நல்லதுதான். எனினும் பாரம் ஏறும்போது அதன் கால்கள் மணலில் வெளிநோக்கி நழுவப் பார்க்கும் என்பதால், மூன்று கால்களின் அடிகளையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைக்காமல் தூக்கக் கூடாது.

எல்லாம் தயாரானதும் ஐந்து சென்ரிமீற்றர் மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். தொங்கும் பொருள் தன் ஈர்ப்பு மையத்தைக் கொழுக்கிக்கு நேர்கீழே கொண்டுவரும் வரை திரும்பும் என்பதால், கெபினின் எந்த முனை முதலில் எழுகிறது என்பதை வைத்தே கொழுக்கி எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அறியலாம். ஆசனங்களைக் கழற்றிய கெபினில் முன்சுவரும் டாஷ்போர்டும் உள்ள பக்கமே பாரமானது. நடுவில் கொழுவினால் பின்புறம் எழும்பி, முன்புறம் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். இறக்கி, கொழுக்கியைச் சற்று முன்னே நகர்த்தி, மீண்டும் தூக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்வது நேர விரயமல்ல.

பிறகு காற்று. கச்சான் பலமாக வீசும் மாதங்களில், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று கெபினின் இரண்டு சதுர மீற்றர் பக்கத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 12 கிலோகிராம் மட்டுமே. ஆனால் கொழுக்கிக்கு இரண்டு மீற்றர் கீழே தொங்கும் பாரத்தை அது 8 சென்ரிமீற்றர் நகர்த்திவிடும். அந்த நீளமுள்ள ஊசல் ஏறத்தாழ 2.8 செக்கனுக்கு ஒருமுறை ஆடும். காற்றின் வீச்சுகள் அந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டால், ஊஞ்சலைத் தள்ளித் தள்ளி உயர்த்துவது போல ஆட்டம் வளரும். ஆகவே காற்று எழும் முன்பாக அதிகாலையில் தூக்குவதும், இரு மூலைகளில் கட்டிய வழிகாட்டிக் கயிறுகளைத் தூர நின்று இருவர் பிடித்துக்கொள்வதும் நல்லது. கெபினைக் கையால் தொட்டு நிறுத்தவோ, அதன் கீழே மவுண்ட் றப்பரைச் சரிசெய்யக் கை நீட்டவோ கூடாது.

செயின் புளொக் இல்லாதவர்கள் இரண்டு நீண்ட மரச் சட்டங்களைக் கெபினுக்கு அடியில் குறுக்காகச் செலுத்தி, நான்கு முனைகளிலும் ஜக் வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். இங்கே ஈர்ப்பு மையம் தாங்கிகளுக்கு மேலே இருப்பதால் நிலைமை தலைகீழ்: சாய்ந்தால் தானாக நிமிராது, மேலும் சாயும். ஒரு முனையை ஒரே மூச்சில் உயர்த்தாமல், சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தி, உயர்ந்த இடைவெளியை உடனே மரக் கட்டைகளால் நிரப்ப வேண்டும். ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் உறுதியான தாங்கி கிடைக்கும். அடுக்கின் உயரம் அதன் அடியகலத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாமல் இருப்பது உத்தமம். சீமெந்துக் கல் வேண்டாம். மரம் முறியும் முன் முனகும். கல் எந்த அறிவிப்புமின்றித் தூளாகும். ஜக்கின் அடியில், மணலில் புதையாதபடி, அகலமான தடித்த பலகை ஒன்று இருக்க வேண்டும்.

கெபின் விடுபட்டதும் அதைத் தேவைக்கு மேல் உயர்த்தாமல், இயந்திரத்தையும் ஸ்டியரிங் தண்டையும் தாண்டும் உயரத்தில் நிறுத்தி, கீழிருந்து செசியை உருட்டி வெளியே எடுப்பது நல்லது. நகர வேண்டியது சில்லுகள் உள்ள பொருள்தான். செசி போனவுடன் கெபினைத் தாழ்வான கட்டை அடுக்குகளில், மவுண்டுகள் இருந்த அதே இடங்களில் தாங்குமாறு இறக்கி வைக்க வேண்டும். மவுண்டுகளுக்கு மேலே செருகியிருந்த மெல்லிய தகட்டு வில்லைகளை எந்த மவுண்டில் எத்தனை என்று எழுதிப் பைகளில் போட்டுவைக்காவிட்டால், திரும்பப் பூட்டும்போது கதவு இடைவெளிகள் பொருந்தா. செசியைச் சுரண்டித் துப்புரவாக்கும் பாஸிடம், அதில் பொறித்திருக்கும் செசி இலக்கத்தின் மேல் கிரைண்டரை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள வாகனம் இதுதான் என்பதற்கு அந்த இலக்கமே சாட்சி.