கடைப்பிடிப்பு: 'கீழ்ப்படிதல்' என்று எழுதுவோருக்கு ஒரு மறுப்பு

"குழந்தை பேட்ச் சிகிச்சைக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை." கண் நலம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சில இடங்களில் 'இணங்குவதில்லை' என்று கொஞ்சம் மெருகேற்றி எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே தவறு, அதுவும் தீங்கு செய்யும் தவறு. 'சோம்பேறிக் கண்' எனப்படும் ஆம்ப்ளியோபியாவுக்குச் சிகிச்சை இது: நன்றாகத் தெரிகிற கண்ணைப் பேட்ச் ஒட்டி மூடிவிட்டு, மங்கலாகத் தெரிகிற கண்ணோடு விளையாடு, எழுது, படம் பார் என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்கிறோம். அது பேட்சைப் பிய்த்துப் போட்டால் 'கீழ்ப்படியாத குழந்தை' என்று பதிவேட்டில் ஏற்றுகிறோம். குழந்தை எதற்குக் கீழ்ப்படியவில்லை? தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தது, அவ்வளவுதான்.

விதித்த சிகிச்சையை எவ்வளவு செய்கிறார்கள் என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 'காம்ப்ளையன்ஸ்' இலத்தீனில் 'நிறைத்தல்' என்ற வினையிலிருந்து கிளம்பி, இத்தாலியைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்கு வந்து, 'சொன்னபடி நடத்தல்' என்று நிலைத்தது. 'அட்ஹியரன்ஸ்' இலத்தீனின் 'ஒட்டிக்கொள்ளுதல்'. முன்னதில் ஏவலும் பணிதலும் தொனிக்கின்றன என்று மருத்துவ உலகமே பின்னதற்கு நகர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் நீண்டகாலச் சிகிச்சைகள் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவப் பணியாளரோடு பேசி ஒப்புக்கொண்ட பரிந்துரைகளோடு ஒருவரின் நடத்தை எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதே 'அட்ஹியரன்ஸ்' என்று வரையறுத்தது. இந்த வரையறையில் 'எந்த அளவுக்கு' என்பதுதான் உயிர். அந்தச் சொல் ஓர் அளவைக் குறிக்கிறது. யாருடைய நல்ல குணத்தையும் அது குறிக்கவில்லை.

'கீழ்ப்படிதல்' என்பதைத் தள்ளிவிடுவது எளிது. 'இணக்கம்' அப்படியல்ல. வரித்துறை, தொழிலாளர் சட்டம், தரச்சான்று என்று எங்கும் அது நுழைந்துவிட்டதால், அங்கே பழகிய மொழிபெயர்ப்பாளர் மருத்துவத்துக்கும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார். ஆனால் தமிழில் இணங்குவது மனத்தின் செயல். ஒருவர் இணங்குவார் அல்லது இணங்கமாட்டார். "48 சதவீதம் இணங்கினார்" என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா?

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: "பெற்றோர் இணங்கினார்கள், ஆனால் வீட்டில் கடைப்பிடிக்க முடியவில்லை." தமிழறிந்த யாருக்கும் இது உடனே புரியும். இரண்டும் ஒரே பொருள் என்றால் இந்த வாக்கியம் உளறலாக இருந்திருக்கும். மருத்துவர் அறையில் தலையாட்டாத பெற்றோர் அபூர்வம். சிக்கல் தொடங்குவது வீட்டில்: பேட்ச் ஒட்டிய இடத்தில் தோல் சிவக்கிறது, குழந்தை கண்ணைத் தேய்க்கிறது, பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், மாலையில் வேலை முடிந்து வரும் அம்மாவுக்கு அழும் குழந்தையோடு போராடத் தெம்பில்லை. இணக்கத்துக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தைத்தான் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். அதற்கு 'இணக்கம்' என்றே பெயர் வைத்தால், அளக்க வந்த தூரமே சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

பிரிட்டனில் சில ஆய்வாளர்கள் பேட்சோடு ஒரு சிறு மின்னணுக் கருவியை இணைத்து, அது உண்மையில் எத்தனை மணி நேரம் கண்மேல் இருந்தது என்று பதிவு செய்தார்கள். 2004இல் வெளிவந்த ஆய்வில், விதித்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் நடந்திருந்தது. 2007இல் வெளிவந்த இன்னொன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரு குழுவுக்கு நாளுக்கு 6 மணி நேரம், மற்றதற்கு 12 மணி நேரம் விதித்தார்கள். உண்மையில் போட்டது முறையே 4.2 மணி, 6.2 மணி. விதித்தது இரண்டு மடங்கு, நடந்ததில் வித்தியாசம் இரண்டே மணி நேரம். பார்வை முன்னேற்றத்திலும் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்கக் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழு 2003இல், நடுத்தர அளவு ஆம்ப்ளியோபியா உள்ள 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒத்த பலன் தந்தன என்று காட்டியபோதும், ஒப்பிடப்பட்டவை விதித்த மணிகள்தான். விதித்தது, கடைப்பிடித்தது என்று இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளாமல் இந்த எண்களைத் தமிழில் விளக்கவே முடியாது. "இணக்கம் பாதிதான்" என்று எழுதினால், பாதிப் பெற்றோர் மறுத்துவிட்டார்கள் என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார்.

ஆகவே என் சொல் கடைப்பிடிப்பு. கடை என்றால் முடிவு; கடைசிவரை விடாமல் பிடித்திருத்தல் என்று விரித்தால் பொருள் கச்சிதமாக வருகிறது. 'நன்மை கடைப்பிடி' என்ற ஆத்திசூடி அடி பள்ளிப் பருவத்திலிருந்தே நமக்குத் தெரியும். குறளில் இந்தச் சொல் மருந்து அதிகாரத்திலேயே இருக்கிறது: "அற்றது அறிந்து கடைப்பிடித்து மாறல்ல துய்க்க துவரப் பசித்து." உடல்நல நெறி ஒன்றை விடாமல் கைக்கொள்வதற்கு வள்ளுவர் எடுத்தாண்ட சொல் கையில் இருக்கும்போது வரித்துறையிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்? அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அதை அருகிருந்து தருபவன் என்று நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. பேட்ச் சிகிச்சையில் அந்த நான்காம் ஆள் பெற்றோர். கடைப்பிடிப்பு என்பது நால்வரும் சேர்ந்து செய்யும் காரியம். கீழ்ப்படிதலோ குழந்தை ஒன்றின் தலையில் மட்டும் வந்து விழுகிறது.

'கடை' என்ற பகுதிக்கு இந்தச் சிகிச்சையில் தனிப் பொருத்தமும் உண்டு. பார்வை தேறிவிட்டது என்று பேட்சை நிறுத்தும் குழந்தைகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் பார்வை மீண்டும் குறைகிறது. நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு நேரத்தைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தினால் அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

'அட்ஹியரன்ஸ்' என்பதை வேர்ச்சொல் பார்த்து 'ஒட்டுதல்' என்று பெயர்ப்பவர்களும் உண்டு. பிசின் தடவிய பேட்ச் பற்றிய கட்டுரையில் 'ஒட்டுதல் குறைவு' என்று எழுதினால் படிப்பவர் கடைக்குப் போய் வேறு பேட்ச் வாங்குவார். 'பின்பற்றல்' தவறில்லை, வழிகாட்டு நெறிகளுக்கு அது போதும். ஆனால் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்பு அதில் ஒலிப்பதில்லை. தனித்தமிழ் ஆர்வத்தில் இதற்குப் புதுச்சொல் ஆக்க முனைவோரிடமும் ஒன்று கேட்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த தூய தமிழ்ச் சொல் இருக்கும்போது எதற்கு இன்னொன்று? அதே ஆர்வத்தில் 'பேட்ச்' என்பதையும் விரட்ட வேண்டாம். பெற்றோர் வாயில் இருப்பது அந்தச் சொல்தான். நூலில் 'கண்மறைப்பு' என்று எழுதுங்கள், துண்டறிக்கையில் 'பேட்ச்' இருக்கட்டும்.

நோயின் பெயரிலும் இதே பழி இருக்கிறது. 'சோம்பேறிக் கண்' என்று எழுதுகிறார்கள். அந்தக் கண் சோம்பியிருக்கவில்லை. மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் வித்தியாசத்தாலோ, பிறவிக் கண்புரையாலோ தெளிவான பிம்பம் கிடைக்காமல், மூளை அந்தக் கண் அனுப்பும் செய்தியை ஒதுக்கப் பழகிவிடுகிறது. 'ஆம்ப்ளியோபியா' என்பதில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு மழுங்கிய என்று பொருள். 'பார்வை மழுக்கம்' என்றால் பொருளும் சரி, யார்மேலும் பழி இல்லை. முதலில் கண்ணைச் சோம்பேறி என்று திட்டிவிட்டு, அடுத்த பத்தியில் குழந்தை கீழ்ப்படியவில்லை என்று திட்டுகிற கட்டுரையைப் படிக்கும் தாய், அடுத்த முறை மருத்துவரிடம் உண்மையைச் சொல்வாரா? "தினமும் ஒழுங்காப் போடுறோம் டாக்டர்" என்றுதான் சொல்வார்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், டச்சு மொழி சரளமாக வராத பெற்றோரின் குழந்தைகளிடம் கடைப்பிடிப்பு குறைவாக இருந்தது தெரியவந்தது. அங்கே ஆய்வாளர்கள் சொற்களே இல்லாத ஒரு சித்திரக் கதையைக் குழந்தைகளுக்காகத் தயாரித்தார்கள். அதோடு நாள்காட்டி, ஸ்டிக்கர், பெற்றோருக்கான விளக்கத் தாள் எல்லாம் சேர்த்துக் கொடுத்த குழுவில் கடைப்பிடிப்பு 78 சதவீதம். கொடுக்காத குழுவில் 57. பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தபோது அதிகம் உதவியது அந்தச் சித்திரக் கதைதான். எதற்காக இதைச் செய்கிறோம் என்று புரிந்தால் குழந்தை பேட்ச் போட்டுக்கொள்கிறது. புரியாத தமிழில் எழுதிய துண்டறிக்கை ஒரு குழந்தையின் சிகிச்சை மணிகளைத் தின்றுவிடும்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'கடைப்பிடிப்பு' என்பதில் ப் கட்டாயம் மிகும். 'கடைபிடிப்பு' என்று நாளிதழ்களே எழுதுகின்றன, அது பிழை. சேர்க்கைகள் இயல்பாகவே அமையும்: கடைப்பிடிப்பு அளவு, கடைப்பிடிப்புக் குறைவு, கடைப்பிடித்த மணி நேரம். 'நான்-காம்ப்ளையன்ட்' குழந்தை என்று வரும் இடத்தில் குழந்தைக்கு அடைமொழியே தேவையில்லை. "நாளுக்கு 2 மணி நேரம் விதிக்கப்பட்டது, 40 நிமிடம் கடைப்பிடிக்க முடிந்தது" என்று எழுதினால் போதும்.