ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் ஜனவரி 1 போடாதீர்கள்

வீட்டுப் பெரியவர்களின் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். சிலருக்குப் பிறந்த தேதி முழுசாக இருக்கும், சிலருக்கு "பிறந்த ஆண்டு: 1959" என்று ஆண்டோடு நின்றுவிடும். அது அச்சுப் பிழை இல்லை. பதிவு செய்யும்போது தேதி தெரியாமல் வயதை மட்டும் சொன்னவர்களுக்கு, அந்த வயதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டு அதை மட்டும் எழுத ஆதார் விதியிலேயே இடம் இருக்கிறது. ஆதாரின் தரவுத்தளத்தில் தேதிக்குப் பக்கத்தில் அது எந்த வகை என்றும் ஒரு குறிப்பு உண்டு: ஆவணம் பார்த்துச் சரிபார்த்தது, ஆள் சொன்னதை வைத்து எழுதியது, தோராயமானது. இந்த மூன்றையும் பிரித்து வைத்ததுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சிக்கல் அதற்கு வெளியேதான் ஆரம்பிக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் முதியோர் உதவித்தொகை மனுவுக்காக ஊரில் யாராவது ஒரு பட்டியல் தயாரிப்பார்கள், அதில் தேதிக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஜனவரி 1 என்று அடித்துவிடுவார்கள். ஒரு தெருவே ஜனவரி 1-இல் பிறந்தது போல இருக்கும். அடுத்து அதைப் பார்ப்பவருக்கு எது நிஜத் தேதி, எது நிரப்பிய தேதி என்று தெரிய வழியே இல்லை. அங்கிருந்து அந்தத் தேதி அடுத்த விண்ணப்பத்துக்குப் போகும், வங்கிக் கணக்குக்குப் போகும், கடைசியில் ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று என்று மோதி, மனு திரும்பி வரும்.

எக்செல் இன்னும் மோசம். தேதிக்கென்று அமைத்த கட்டத்தில் 1959 என்று மட்டும் தட்டிப் பாருங்கள், 12-05-1905 என்று காட்டும், ஏனென்றால் 1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணி வந்த 1959-ஆவது நாள் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஜூலை 1959 என்று அடித்தால் உள்ளே 01-07-1959 ஆகிவிடும், வெளியே மாதமும் ஆண்டும் மட்டும் தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். "என்னைக்குப் பொறந்தீங்க அப்பத்தா?" என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்குய்யா தெரியும்" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் "விகாரி வருசம், ஆடி மாசம்னு எங்காத்தா சொல்லும், வைகை டேமு தொறந்த வருசமாம்" என்பார்கள். வைகை அணை திறந்தது 1959 ஜனவரியில், விகாரி வருடம் 1959 ஏப்ரலில் தொடங்கியது, அந்த ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. பாருங்கள், ஒன்றுமே தெரியாது என்றவரிடமிருந்து ஒரு மாத அளவுக்குச் சுருங்கி வந்துவிட்டது. மாதத்தைக் கேட்காமல் தமிழ் வருடத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்: அதே விகாரியில் மாசி மாதம் பிறந்தவருக்கு ஆண்டு 1960.

இதைப் பதிந்து வைக்க ஒரே தேதிக் கட்டம் போதாது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று கட்டம் வையுங்கள், தெரியாததைக் காலியாக விடுங்கள், பூஜ்ஜியமும் வேண்டாம். பக்கத்தில் அவர் சொன்ன வார்த்தையையே எழுத ஒரு கட்டம், எதை வைத்துச் சொல்கிறோம் என்பதற்கு ஒன்று. ஆடி மாதிரி இரண்டு ஆங்கில மாதத்தில் விழுவதற்கும் வயதைக் கணக்கிடுவதற்கும், அதிகபட்சம் முன்னால் எந்தத் தேதி, பின்னால் எந்தத் தேதி என்று இரண்டு எல்லைகளையும் வைத்துக்கொள்ளலாம். திரையிலும் அச்சிலும் "1959 (ஆண்டு மட்டும்)" அல்லது "ஜூலை–ஆகஸ்ட் 1959" என்றே காட்ட வேண்டும், எல்லைத் தேதியைப் பிறந்த தேதி போலக் காட்டக் கூடாது. உலகம் ஏற்றுக்கொண்ட வழக்கம்தான் இது, பாஸ்போர்ட்டுக்கான சர்வதேசத் தரத்திலேயே தெரியாத நாளுக்கும் மாதத்துக்கும் எக்ஸ் எக்ஸ் என்று போட இடம் உண்டு.

முதியோர் உதவித்தொகைக்கு வயது 60 ஆகியிருக்க வேண்டும். (தமிழ்நாட்டில் 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள்.) ஆண்டு 1966 என்று மட்டும் இருந்தால் 2026-க்குள் எந்த நாளில் 60 நிறைகிறது என்று கேள்வி எழலாம், ஆனால் அந்த டிசம்பர் 31 தாண்டிவிட்டால் எந்தக் கணக்கிலும் வயது ஆகிவிட்டது. இந்த இரண்டு எல்லைகளும் உங்கள் பட்டியலில் இருந்தால், யாருடைய மனுவை இப்போதே தயங்காமல் கொடுக்கலாம் என்று ஒரு நொடியில் பிரித்துவிடலாம்.

ஆதாரிலேயே முழுத் தேதி வேண்டும் என்றால் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்ற ஆவணம் வேண்டும், 2025 அக்டோபர் 1 முதல் கட்டணம் 75 ரூபாய். ஆனால் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், பெயருக்கு மாதிரி இரண்டு தடவை கிடையாது. அந்த ஒரு வாய்ப்பை ஊகத்தில் போட்ட தேதிக்காகத் தயவுசெய்து செலவழிக்காதீர்கள். பிறப்பே பதிவாகாதவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் தாமதப் பதிவுக்கு வழி இருக்கிறது, ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதற்கு உத்தரவு வாங்க வேண்டும். அப்புறம், ஆதாரில் இருக்கும் தேதி வயதுக்கான முடிவான சான்று இல்லை என்பதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, அதனால் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

பான் அட்டையோடு இணைக்கும்போது ஆண்டு மட்டும் இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். வருமான வரித் தளத்தின் இணைப்புப் பக்கத்தில், ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே உள்ளது என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் டிக் செய்துவிட்டு மேலே போகலாம். ஆதார் தொடர்பான வேறு சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.