கேபஷான் கல்லுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம்

மறுபடியும் ஒரு மணிவேலை டாலர் பழுதுபார்க்க வந்திருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல். பட்டை தீட்டாமல், மேலே குவித்து, அடியைத் தட்டையாக இழைத்த அருமையான கேபஷான். சுற்றிலும் மணி கோத்த வேலையும் மோசமில்லை. ஆனால் டாலர் ஒரு கவரில், கல் இன்னொரு கவரில். கல்லின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சூப்பர் க்ளூ!

கல்லைத் தாங்குவது பசைதான் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதல் மணிச்சுற்றுகளைத் தைத்து முடிக்கும்வரை கல் பின்துணியில் நகராமல் இருக்க வேண்டும். பசைக்கு உள்ள வேலை அவ்வளவுதான். பிறகு கல்லைப் பிடித்திருப்பது அதைச் சுற்றி எழுப்பும் மணிச்சுவர். கல்லை ஒட்டினாற்போல இரட்டைப்படை எண்ணிக்கையில் அடிச்சுற்று. அதன்மேல் 11/0 அளவு டெலிகாவில் (ஒரே சீரான உருளை மணி) பெயோட் தையல், அதாவது மணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும் தையல். கல் உள்வாங்கத் தொடங்கும் இடத்தில் 15/0 மணிக்கு மாறுங்கள். எண்ணிக்கை அதேதான், மணி சிறியது. அதனால் வட்டம் சுருங்கிக் கல்லின் தோள்மேல் கவிந்துகொள்ளும். நூலை இறுக்கிய பின் தலைகீழாக உதறிப் பாருங்கள். கல் ஆடினால் சுவருக்கு உயரம் போதவில்லை, இல்லை அடிச்சுற்று அகலமாகிவிட்டது. பிரித்துப் போடுங்கள். இன்னும் நாலு சொட்டு பசை விட்டால் அது சரியாகாது. வகுப்பு எடுப்பவர்கள் பசையை விட்டுவிட்டு முதலில் இந்தச் சுருக்கத்தைக் கற்றுக்கொடுங்கள், தயவுசெய்து.

சூப்பர் க்ளூ காய்ந்தால் விறைத்துவிடும். பின்னால் இருப்பதோ வளையும் துணி. ஒருமுறை கீழே விழுந்தாலே கல் விட்டுவிடும். டர்காய்ஸ் போன்ற நுண்துளைக் கல் பசையை உறிஞ்சிக்கொண்டால் கறை போகாது. பசையைக் கரைக்கும் அசிட்டோனில் துடைத்தால், பிசின் ஏற்றிய டர்காய்ஸ் இன்னும் கெடும். மலக்கைட் என்ற பச்சைக் கல்லின் கடினம் மோஸ் அளவில் 3.5 முதல் 4தான். பிளேடால் சுரண்டினால் கோடு விழும். சந்திரகாந்தக் கல்லை நெம்பினால் பிளவுத்தளத்தில் (கல் இயல்பாகவே பிளக்கும் தளம்) ஓரம் தெறிக்கும். எனக்கு வந்த கல்லும் அப்படித்தான் தெறித்திருக்கிறது.

ஈ6000 போன்ற வளையும் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். ஓரத்தில் 2 மி.மீ. விடுங்கள், இல்லையென்றால் ஊசி பசையில் சிக்கும். ஒரு ராத்திரி காயவிடுங்கள்; முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். வழக்கமான ஈ6000இல் பெர்குளோரோஎத்திலீன் என்ற நச்சு ஆவி விடும் கரைப்பான் இருக்கிறது. சன்னலைத் திறந்துவையுங்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏற்கெனவே சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிட்டீர்களா? நெம்பாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பின்துணியை வெட்டிக் கல்லை எடுத்துத் தருகிறேன்.