தோற்கும் அணிக்கு யார் தேவை?

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ ஓர் உதைபந்தாட்டக் கழகம் ஐந்தாறு மட்ச் தொடர்ந்து தோற்றால், அடுத்த கூட்டத்தில் எழும் முதற்குரல் பெரும்பாலும் இதுதான்: "கோல் அடிக்க ஒருத்தன் வேணும்." சனி இரவு டீவி முன்னால் உட்கார்ந்து பிரிமியர் லீக் பார்ப்பவர்களும், தங்கள் அணி அட்டவணையின் அடியில் கிடக்கும்போது இதையேதான் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆனால் அணி எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்க்காமல் ஆள் தேடப் போவதால்தான், காசும் போய் அடுத்த பருவமும் போகிறது.

வயல் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், ஒரு வக்கடை (வரம்பில் தண்ணீர் போகும் வாய்) அடைபடாமல் கிடந்தால் வயலில் தண்ணீர் அந்த வக்கடையின் மட்டத்துக்கு மேல் நிற்காது. வரம்பின் மற்றப் பக்கங்களை ஒரு முழம் உயர்த்திக் கட்டினாலும் பயனில்லை. 1986 ஜனவரியில் சலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியதற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன 'ஓ-ரிங்' என்ற ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்தின் பெயரையே வைத்து 1993இல் பொருளியலாளர் மைக்கல் கிரேமர் ஒரு கோட்பாட்டை எழுதினார். பலர் சேர்ந்து செய்யும் வேலையில் ஒவ்வொருவரின் தரமும் மற்றவருடைய தரத்தோடு கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது என்பது அதன் சாரம். உதைபந்தாட்டத்தின் பின்வரிசைக்கு இது அப்படியே பொருந்தும்.

கணக்காகவே பார்க்கலாம். பின்வரிசையில் நால்வர். எதிரணி ஒரு தடவை தாக்கி வரும்போது தன் இடத்தில் சரியாக நிற்கும் வாய்ப்பு மூவருக்கு 95 வீதம், ஒருவருக்கு மட்டும் 75 வீதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் பெருக்கினால், நால்வரும் ஒரே நேரத்தில் சரியாக நிற்கும் வாய்ப்பு 64 வீதம். 95 வீதக்காரர் ஒருவரை மாற்றி, பெரும் விலை கொடுத்து 99 வீதக்காரரைக் கொண்டுவந்தால் அது 67 ஆகும். 75 வீதக்காரரின் இடத்தில் சுமாரான 90 வீதக்காரர் ஒருவரை நிறுத்தினாலோ 77. ஒருவர் விட்டதை இன்னொருவர் ஓடிவந்து மறைப்பதும் உண்டு என்பதால், உண்மையான மைதானத்தில் இலக்கங்கள் இவ்வளவு கூராக இருக்காது. திசை மாறாது.

அப்படியானால் கோல் அடிப்பவரை விட்டுவிட்டுத் தடுப்பவரை மட்டும் தேட வேண்டுமா? அதையும் கணக்கிட்டே சொல்ல வேண்டும். 38 மட்ச் கொண்ட ஒரு லீக்கில் ஒரு மட்சுக்குச் சராசரி 1 கோல் அடித்து 1.8 கோல் வாங்கும் அணியை எடுப்போம். கோல்கள் விழும் விதத்துக்கு, அரிதான நிகழ்வுகளைக் கணிக்கும் பொய்சன் பரம்பல் என்ற கணக்கைப் பயன்படுத்தினால், அந்த அணிக்குப் பருவ முடிவில் ஏறத்தாழ 32 புள்ளிகள் வரும். பல பருவங்களில் அது கீழ் லீக்குக்குத் தரமிறங்கும் புள்ளி. பருவத்துக்கு 15 கோல் கூடுதலாக அடித்தால் 43. அடிப்பது அப்படியே இருக்க, 15 கோல் குறைவாக வாங்கினால் 41. இரண்டு வழியும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. வித்தியாசம் விலையில் இருக்கிறது. பருவத்துக்கு 15 கோல் கூட்டித் தரும் முன்கள வீரரை எல்லாக் கழகங்களும் தேடுகின்றன. ஒரு நல்ல கோல் காப்பாளரும், பந்து மேலே வரும்போது தடுமாறாத நடுப் பின்கள வீரரும் சேர்ந்து அதே 15ஐக் குறைத்துத் தருவார்கள், பல வேளைகளில் பாதி விலைக்கு. கையில் காசு குறைந்த கழகம் முதலில் பார்க்க வேண்டிய கடை இதுதான்.

ஆள் தேடுவதற்கு முன் இன்னொரு கேள்வியும் உண்டு: அணி உண்மையிலேயே மோசமாக ஆடுகிறதா, அல்லது அதிர்ஷ்டம்தான் கைவிட்டதா? உதைபந்தாட்டத்தில் கோல் அரிது. அரிதான எதுவும் குறுகிய காலத்தில் தாறுமாறாக விழும். பருவத்துக்கு 50 கோல் அடிக்கத் தகுதியான அணி 43 அடிப்பதும் 57 அடிப்பதும் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். பத்து மட்சை மட்டும் எடுத்தால், 13 எதிர்பார்க்கும் இடத்தில் 9 விழுந்தால் அதை வைத்து ஒன்றுமே முடிவு செய்ய முடியாது. இதனால்தான் பெரிய கழகங்கள் கோலை எண்ணுவதோடு நில்லாமல் வாய்ப்பையும் எண்ணுகின்றன. பெனால்டி என்றால் நூற்றில் 75 முதல் 80 வரை கோலாகும், எனவே அதற்கு முக்கால் கோலுக்குச் சற்றுக் கூடுதலான மதிப்பு. முப்பது மீற்றருக்கு அப்பாலிருந்து அடிக்கும் உதைக்கு மிகச் சிறிய மதிப்பு. இவற்றைக் கூட்டினால் "எதிர்பார்க்கத்தக்க கோல்" கிடைக்கிறது. நம் ஊர்க் கழகத்துக்குக் கணினி தேவையில்லை. பெனால்டிப் பெட்டிக்குள்ளிருந்து நாம் எத்தனை தடவை அடித்தோம், எதிரணி எத்தனை தடவை அடித்தது என்று ஒருவர் கொப்பியில் கோடு போட்டால் போதும். அந்தக் கோடுகள் சமமாக இருக்க, கோல் மட்டும் விழவில்லை என்றால் ஸ்ட்ரைக்கரைத் துரத்த வேண்டாம். இன்னும் நான்கைந்து மட்ச் பொறுக்கலாம்.

கோடுகள் சமமில்லை என்றால் கடைசியாக வாங்கிய 20 கோல்களையும் எடுத்து வையுங்கள். பிரிஸ்டல் போர்ட்டில் மைதானத்தை வரைந்து, ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு புள்ளி குத்த வேண்டும். ஒன்று, பந்து வலைக்குள் போக எங்கிருந்து அடிக்கப்பட்டது. மற்றது, அதற்குப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு முன் நாம் பந்தை எங்கே இழந்தோம். பக்கத்தில் நிமிடத்தையும், மூலை உதையா, குறுக்குப் பந்தா, எதிர்த்தாக்குதலா என்பதையும் எழுதுங்கள். முதற்புள்ளியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், நடுப் பின்கள வீரரைத்தான் எல்லோரும் ஏசுகிறார்கள். இரண்டாவது புள்ளி வேறு கதை சொல்லும். உதாரணமாக, இடது விங்கர் நடுக்கோட்டுக்கு அப்பால் மூவருக்கிடையே வெட்டப் போய்ப் பந்தை இழக்கிறார். அவருக்கு உதவியாக மேலே ஓடிய இடது பின்கள வீரர் இன்னும் திரும்பவில்லை. அந்த வெற்றிடத்தை மூட நடுக்களத்தில் ஆளில்லை. கடைசியில் நடுப் பின்கள வீரர் தன் இடத்தைவிட்டு வெளியே இழுபடுகிறார், அவர் விட்ட இடத்தில் கோல். இருபதில் எட்டு இப்படி விழுந்திருந்தால் தேவைப்படுபவர் நடுக்களத்தில் இடம் பார்த்து நிற்பவர். நடுப் பின்கள வீரரை மாற்றினால் அதே கோல் புதியவர் மேல் விழும்.

இந்த இடத்து ஆள் எவ்வளவு பெறுமதி என்பது அவர் போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. 2003இல் ரியல் மட்ரிட் டேவிட் பெக்கமை வாங்கி, கிளோட் மக்கலெலேயைச் செல்சிக்கு விற்றது. ஸிடான், ரொனால்டோ, பிகோ, ராவுல் எல்லோரும் இருந்த அந்த அணி 2003–04 பருவத்தின் கடைசி ஐந்து லீக் மட்சையும் தோற்று நான்காம் இடத்தில் முடிந்தது. லெஸ்டர் சிற்றி 2015–16இல் சம்பியனானபோது 36 கோல்தான் வாங்கியது. பருவம் முடிந்ததும் என்கோலோ கான்ட்டே செல்சிக்குப் போனார். அடுத்த பருவம் லெஸ்டர் வாங்கியது 63, இடம் 12. சம்பியன்ஸ் லீக் சுமை போன்ற வேறு காரணங்களும் அதில் உண்டு. 27 கோலும் ஒருவராலேயே வந்தது என்று சொல்வது அநியாயம். ஆனாலும் அதே பருவத்தில் செல்சி லீக் சம்பியனானதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது கால். சமநிலை என்று பேசும்போது நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் இது. இடப்பக்க நடுப் பின்கள வீரர் வலதுகாலாளர் என்றால் என்ன நடக்கிறது? கோல் காப்பாளரிடமிருந்து பந்து வருகிறது. வலது காலால் அடக்குகிறார், உடம்பு தானாகவே மைதானத்தின் நடுவுக்குத் திரும்புகிறது. ஓரத்தில் நிற்கும் இடது பின்கள வீரருக்குக் கொடுக்க அவர் இன்னொரு தொடுகை எடுத்துக் காலைத் திருத்த வேண்டும். அதற்கு அரைச் செக்கன். செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் பாய்ந்து வரும் எதிரணி வீரர் அதற்குள் மூன்றரை மீற்றர் நெருங்கிவிடுவார். இனிக் கண்ணை மூடிக்கொண்டு மேலே அடிப்பதுதான் வழி, பந்து எதிரணிக்கு. இடதுகாலாளர் என்றால் முதல் தொடுகையே வெளிப்பக்கம் திறக்கும், கோட்டோரம் பந்து ஓடும். ஆகவே இடதுகாலாளர் ஒருவரும் இல்லாத பின்வரிசைக்கு, தரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் இடதுகாலாளர் ஒருவர் வந்தால் பக்கத்தில் நிற்கும் மூவரும் சேர்ந்து மேம்படுவார்கள்.

முன்வரிசையிலும் இதே சோடிக் கணக்குத்தான். தலையால் அடிக்கும் உயரமான ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு விங்கர்களும் உள்ளே வெட்டி அடிப்பவர்களாக இருந்தால் அவருக்குக் குறுக்குப் பந்து யார் கொடுப்பது? அதே நேரம், மாற்று ஆளை முதலில் தயார் செய்துவிட்டு விற்பவர்களும் உண்டு. 2020இல் பிரென்ட்பேர்ட் ஒலி வொட்கின்ஸை அஸ்டன் விலாவுக்கு விற்று, பீற்றர்பரோவிலிருந்து மிகக் குறைந்த விலையில் ஐவன் டோனியை எடுத்தது. டோனி அந்தப் பருவத்தில் 31 லீக் கோல் அடித்தார், கழகம் 74 ஆண்டுகளுக்குப் பிறகு முதற்தரத்துக்கு ஏறியது. ஆட்டமுறையை மாற்றாமல், அதற்குள் பொருந்தும் ஆளைத் தேடியதன் பலன் அது.

ஒரேயடியாகப் பலரை எடுப்பது இன்னொரு பொறி. 2018இல் பிரிமியர் லீக்குக்கு ஏறிய புல்ஹாம் பத்துக் கோடி பவுணுக்கு மேல் கொட்டிப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்தது. ஒரே பருவத்தில் மூன்று பயிற்றுவிப்பாளர்கள், 81 கோல் வாங்கி 26 புள்ளியோடு தரமிறக்கம். பின்வரிசை என்பது கண்ணாலும் குரலாலும் நடக்கும் வேலை. ஓப்சைட் கோட்டுக்கு எப்போது ஏறுவது, யார் முதலில் பந்துக்குப் போவது, யார் பின்னால் நிற்பது என்பதெல்லாம் சேர்ந்து ஆடி ஆடித்தான் பழகும். பின்வரிசையில் ஓர் இடமாற்றக் காலத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். அதற்கு மேல் மாற்றினால் பழைய ஓட்டை அடைபடும், புதிதாக நான்கு திறக்கும்.

ஜனவரி இடமாற்றத்தில் கூடுதல் கவனம் தேவை. நடுப்பருவத்தில் விற்பனைக்கு வருபவர்களில் கணிசமானோர் தங்கள் கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள். பயிற்சி இருக்கும், மட்ச் உடம்பு இருக்காது. விலையைப் பார்க்கும்போதும் தலைப்பில் வரும் தொகையை மட்டும் பார்க்கக்கூடாது. இரண்டு கோடி பவுணுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், வாரச் சம்பளம் 50,000 என்றால் ஐந்தாண்டுச் சம்பளம் மட்டும் ஒரு கோடி முப்பது இலட்சம். மொத்தம் மூன்று கோடி முப்பது இலட்சம். கழகம் தரமிறங்கினாலும், சம்பளக் குறைப்பு விதி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்தச் சுமை அப்படியே கிடக்கும்.

நம் பக்கத்துக் கழகங்களுக்கு விலை என்பது பெரும்பாலும் சப்பாத்தும் பஸ் காசும் சாப்பாடும். அதனால் அவர்களுக்கு நிமிடம்தான் உண்மையான நாணயம். ஒரு மட்சுக்குப் பதினொரு பேர், 90 நிமிடம், ஆக 990 ஆள்நிமிடம். பத்து மட்ச் என்றால் 9,900. ஒவ்வொரு வீரரும் அதில் எத்தனை தருவார் என்று பருவம் தொடங்குமுன் எழுதிப் பாருங்கள். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோக அறுவடை ஆடி, ஆவணியில். அந்த வாரங்களில் வயல்காரப் பிள்ளைகள் வரமாட்டார்கள். கடலுக்குப் போகிறவர் இரவு முழுக்கத் தோணியில் இருந்துவிட்டுப் பின்னேரம் ஓட முடியாது. கட்டார், சவூதிக்குப் போக விசா பார்த்திருப்பவர் எந்த வாரம் போவார் என்று அவருக்கே தெரியாது. இப்படிக் கழித்துப் பார்க்கும்போது, நட்சத்திரம் என்று நினைத்தவர் 300 நிமிடம்தான் தருவார் என்பதும், ஊரிலேயே கடை வைத்திருக்கும் சாதாரணப் பின்கள வீரர் 900உம் தருவார் என்பதும் தெரியவரும். தேட வேண்டிய ஆள் அந்த 300க்காரரின் இடத்துக்கு.

மைதானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு சக்தி செலவாகும். கரையோர ஊர்களின் மணற்பாங்கான மைதானத்தில், கச்சான் காற்று அடிக்கும் வெயிலில், 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு விழும் கோல்களுக்குத் திறமைக் குறைவைவிட மூச்சுக் குறைவே காரணமாக இருக்கக்கூடும். உங்கள் பிரிஸ்டல் போர்ட்டில் புள்ளிகள் கடைசி இருபது நிமிடத்தில் குவிந்திருந்தால், பதினொருவரை மாற்றுவதற்கு முன் வாங்கில் இருப்பவர்களைப் பாருங்கள். நடுக்களத்துக்கு ஓடக்கூடிய இரண்டு மாற்று வீரர்கள் அங்கே இருக்கிறார்களா?

ஆள் வந்த பிறகும் வேலை இருக்கிறது. புதியவரை முதல் நாளே முழு மட்சில் இறக்காமல், பக்கத்தில் நிற்கப்போகிறவரோடு குறைந்தது நான்கைந்து பயிற்சியில் சோடியாக நிறுத்த வேண்டும். கோட்டுக்கு ஏறும் குரல் யாருடையது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு அதே பிரிஸ்டல் போர்ட்டில், அடுத்து வாங்கும் பத்துக் கோல்களை வேறு நிறப் பேனையால் குத்துங்கள். பழைய இடத்திலேயே புள்ளி விழுந்தால் எடுத்த ஆள் தவறு, அல்லது அவர் நிற்கும் இடம் தவறு. புதிய இடத்தில் விழுந்தால் அடுத்த இடமாற்றக் காலத்தில் எங்கே தேட வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது.