பிளைவீலைக் கடைந்து எடை குறைக்கும் முன்

"அண்ணே, பிளைவீல்ல ஒரு மூணு கிலோ கடைஞ்சு எடுத்துட்டா வண்டி பறக்குமாமே?"

போன வாரம் தேவகோட்டையிலிருந்து வந்த தம்பி கேட்டது. பிளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம். கடைவது என்றால் அதை லேத்தில் போட்டுச் சீவி எடை குறைப்பது. காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அவருடையது பழைய பெட்ரோல் கார். வேலைக்குப் போய் வருவதும் அதில்தான், வீட்டு ஆச்சியைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். அவரிடம் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்துக் கிணற்றில் ஓடிய பழைய ஆயில் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம். ஒற்றை சிலிண்டர் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. மிச்ச நேரமெல்லாம் பிஸ்டனை இழுத்துக்கொண்டு போவது அந்தச் சக்கரத்தின் கனம்தான். கார் பிளைவீலும் அதே வேலையைத்தான் செய்கிறது. நான்கு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு நான்கு வெடிப்பு வருவதால் சின்னச் சக்கரம் போதும். மூன்று சிலிண்டர் வண்டியில் வெடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். டீசலில் ஒவ்வொரு வெடிப்பும் முரட்டு அடி. அங்கெல்லாம் கனத்தின் தேவை இன்னும் கூடுகிறது.

கனத்தைக் குறைத்தால் பலனே இல்லையா? இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் சட்டென்று ஏறும், விட்டதும் சட்டென்று இறங்கும். ஆனால் எஞ்சினின் குதிரைசக்தி துளிகூட அதிகமாகாது.

25 செ.மீ. விட்டமுள்ள பிளைவீலில் சீராக 3 கிலோ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கியர் விகிதம், அதாவது வண்டிச் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, எவ்வளவோ அதன் வர்க்க அளவுக்கு இந்தப் பலன் பெருகும். சிறிய கார் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், முதல் கியரில் வண்டியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோ ஆளை இறக்கிவிட்ட மாதிரி. ஐந்தாம் கியரிலோ 3 கிலோ அரிசிப்பையை இறக்கிவைத்த மாதிரிதான். முதல் கியரில் நாம் ஓட்டுவது சில நொடி. திருச்சி ரோட்டில் ஒரு லாரியை முந்தும்போது இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது.

இழப்பதோ தினமும் தெரியும். சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு கடைத்தெரு நெரிசலில் நிற்கிறீர்கள். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும்போது ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், தொங்கும், சில நேரம் வண்டி ஆஃப் ஆகும். வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏற்றும்போது கூடுதலாக முறுக்கி, ஹாஃப் கிளட்சில்தான் ஏற்ற வேண்டிவரும். கிளட்ச் பிளேட் தேயும். அந்த உராய்வுச் சூட்டை உள்வாங்கும் இரும்பையும் கடைந்து எடுத்தாயிற்று, சூடு எங்கே போகும்?

அதற்கு என் பட்டறையிலேயே சாட்சி இருக்கிறது. வெளியில் எங்கோ கடைந்த பிளைவீலோடு ஒரு கார் வந்தது. கிளட்சை விட்டால் வண்டி உதறியது. கியர் பாக்ஸை இறக்கினோம். பிளைவீலில் கிளட்ச் பிளேட் உரசும் முகத்தையே மெலிதாக்கியிருந்தார்கள். சூட்டில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸைத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியின் மேல் கருப்புக் கோடுகள் கசிந்து வந்தன, கோடையில் வற்றிய ஊருணித் தரை மாதிரி. ஒரு கோடு போல்ட் துளைவரை போயிருந்தது. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் அது குழந்தைகள் ஏறும் வண்டி.

பழைய கார்களில் பெரும்பாலும் வார்ப்பிரும்புச் சக்கரம்தான். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், அது நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. அதே 25 செ.மீ. சக்கரத்தின் விளிம்பு மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வேகம் இரட்டித்தால் விளிம்பைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். உடைந்தால், அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூடு தடுத்துவிடும் என்று நம்ப முடியாது. முன்சக்கர இழுவை வண்டிகளில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால், துண்டுகள் பறக்கும் திசைகளில் நம் கால் பக்கமும் ஒன்று.

கோயம்புத்தூர் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு இது தேவைப்படலாம். அவர் வார்ப்பிரும்பைக் கடையக் கூடாது. அந்த எஞ்சினுக்கென்றே செய்த ஸ்டீல் பிளைவீல் வாங்கி, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸ் பார்த்து, புது போல்ட் போட்டு, மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்க வேண்டும். டூயல் மாஸ் பிளைவீல் (இரண்டு பகுதியாகச் செய்த பிளைவீல்) உள்ள டீசல் வண்டி என்றால் லேத் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அது கடையும் பொருளே அல்ல.

சரி, அந்தத் தம்பி வண்டிக்கு என்ன ஆயிற்று? ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் வழுக்கியது, ஏர் ஃபில்டர் செம்மண் புழுதியில் அடைத்துக் கிடந்தது, பிளக்குகள் தேய்ந்திருந்தன. மூன்றையும் மாற்றினோம், டயர் காற்றையும் சரிசெய்தோம். பிக்கப் வந்துவிட்டது. பிளைவீலைத் தொடவில்லை.

ஏற்கெனவே கடைந்தவர்கள், கிளட்ச் விடும்போது உதறலோ, எஞ்சின் வேகம் ஏற ஏறக் கூடும் அதிர்வோ, கியர் பாக்ஸ் பக்கம் புதிதாக டக் டக் சத்தமோ வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கியர் பாக்ஸை இறக்கிச் சாக்பீஸ் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.