அங்கீகாரம்: பொருளும் தமிழும்

2008 ஆகஸ்ட் 26 அன்று ரஷ்ய அதிபர் திமித்ரி மெத்வெதெவ் இரண்டு ஆணைகளில் கையெழுத்திட்டார். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் ரஷ்யாவின் கணக்கில் அன்று தனிநாடுகளாயின. இத்தகைய செய்தியைத் தமிழில் எழுதும்போது 'அங்கீகாரம் வழங்கியது' என்றே கை எழுதிவிடுகிறது. பள்ளிக்கு அங்கீகாரம், கட்சிக்கு அங்கீகாரம், நாட்டுக்கும் அங்கீகாரம்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கம் என்பது உடலின் உறுப்பு. இடையில் வரும் ஈகாரம், முன்பு அப்படி இல்லாத ஒன்றை அப்படி ஆக்குவதைக் குறிக்கும். ஆக, தன் உறுப்பாக இல்லாததைத் தன் உறுப்பாக்கிக்கொள்வது அங்கீகாரம். அதிலிருந்து ஒருவர் பக்கம் சேர்தல், உடன்படுதல், ஏற்றல் என்று பொருள் விரிந்தது. சுவீகாரம் என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்தது. ஸ்வ என்றால் தன்னுடையது. பிறர் பெற்ற பிள்ளையைத் தன்னுடையதாக்கிக்கொள்வதால் சுவீகாரம்.

ஆங்கிலத்தின் ரெகக்னிஷன் வேறு வழியில் வந்தது. அதன் வேர், 'மீண்டும் அறிதல்' என்ற பொருளுடைய இலத்தீன் வினை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டு 'இவர் இன்னார்' என்று சொல்வது போன்ற செயல் அது. முகம் ஏற்கெனவே இருக்கிறது. பார்ப்பவர் அதைக் கண்டுகொள்கிறார், அவ்வளவே.

சர்வதேசச் சட்ட அறிஞர்களின் பழைய வழக்கு ஒன்று இந்த இரு வேர்களிலும் அப்படியே இருக்கிறது. நாடு தானாகவே உருவாகிவிடுகிறது, மற்றவர்கள் அதைக் கண்டு சொல்கிறார்கள் என்பது ஒரு கட்சி. மற்றவர்கள் சேர்த்துக்கொண்டால்தான் அது நாடு என்பது இன்னொரு கட்சி. 1933-இல் கையெழுத்தான மான்டிவிடியோ உடன்படிக்கை முதல் கட்சியைச் சார்ந்தது. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் இருந்தால் நாடு. அதன் இருப்பு பிறர் ஏற்பதைப் பொறுத்ததல்ல என்று அது சொல்கிறது. வல்லரசுகள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது கட்சிதான் உண்மைக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது.

அதே 2008-இன் தொடக்கத்தைப் பாருங்கள். பிப்ரவரி 17 அன்று கொசோவோ, செர்பியாவிலிருந்து பிரிந்து தனிநாடு என அறிவித்தது. மறுநாளே அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் ஏற்றன. இது தனித்தன்மை வாய்ந்த நேர்வு, வேறு எதற்கும் முன்மாதிரி ஆகாது என்றது அமெரிக்கா. ஆகும் என்று எச்சரித்தது ரஷ்யா. ஆகஸ்டில் தெற்கு ஒசேத்தியாவின் த்ஸ்கின்வாலி நகரில் தொடங்கிய போர் ஐந்து நாளில் முடிந்ததும், அந்த எச்சரிக்கையை ரஷ்யாவே செயலாக்கிக் காட்டியது. பிப்ரவரியில் எல்லை மாறக்கூடாது என்றவர்கள் ஆகஸ்டில் மாற்றினார்கள். பிப்ரவரியில் மாற்றியவர்கள் ஆகஸ்டில் ஜார்ஜியாவின் நில ஒருமைப்பாட்டைப் பேசினார்கள். ஜார்ஜியா ரஷ்யாவுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டது. ரஷ்யாவைப் பின்தொடர்ந்து நிகரகுவா, வெனிசுவேலா, நவ்ரு, பின்னர் 2018-இல் சிரியா என மிகச் சில நாடுகளே ஏற்றன. அப்காசியாவை மட்டும் ஏற்ற வனுவாட்டும் இரண்டையும் ஏற்ற துவாலுவும் சில ஆண்டுகளில் பின்வாங்கின.

இந்த ஒரு சொல்லின் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க தெற்கு ஒசேத்தியாவை ஒட்டிய குர்வலெத்தி என்ற ஜார்ஜிய கிராமத்துக்குப் போகவேண்டும். அதன் ஊடாக ரஷ்யப் படையினர் முள்வேலி போட்டார்கள். சொந்த வயலும் உறவினர் வீடும் வேலிக்கு அப்பால் போய்விட்ட குடும்பங்கள் அங்கே உண்டு. தெரியாமல் கடந்தால் கைது. ரஷ்யாவுக்கு அந்த வேலி நாட்டு எல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பாளர்களுக்கு அது 'நிர்வாக எல்லைக்கோடு' மட்டுமே. ஜார்ஜியாவுக்கோ ஆக்கிரமிப்புக் கோடு. போருக்குப் பின் 2008 அக்டோபரில் ஜெனீவாவில் தொடங்கிய பேச்சும் முதல் நாளே இங்கேதான் தட்டி நின்றது: அப்காசியரும் ஒசேத்தியரும் எந்தத் தகுதியில் உட்காருவது? கடைசியில், எல்லாரும் தனிநபர்களாகப் பங்கேற்கும் பணிக்குழுக்கள் என்று ஒரு வழி கண்டார்கள்.

வடமொழி வேரின் நேர்ப்பொருள் 2022-இல் நடந்தேறியது. பிப்ரவரி 21 அன்று உக்ரைனின் தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளை ரஷ்யா தனிநாடுகளாக ஏற்றது. மூன்றாம் நாள் படையெடுப்பு. செப்டம்பர் 30 அன்று அவற்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக அறிவித்தது. ஏழே மாதத்தில் அங்கீகாரம், அங்கமாக்கலாகவே ஆனது.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஒப்புதல்' என்பது பெரும்பாலும் திட்டத்துக்கோ கோப்புக்கோ மேலிடம் தருவது; 'இசைவு' அனுமதிக்கு அருகில் நிற்கிறது. இரண்டும் இங்கே பொருந்தா. 'அறிந்தேற்பு' என்ற ஆக்கம் அறிதல், ஏற்றல் இரண்டையும் இணைப்பதால் சட்ட நூல்களுக்கு நன்று. அன்றாட எழுத்துக்கு 'ஏற்பு' போதும். ஏற்பது இகழ்ச்சி என்ற ஆத்திசூடித் தொடரில் இது இரத்தலைக் குறிக்கும். ஆனால் பொறுப்பேற்றல், பதவியேற்றல் என்று நாள்தோறும் புழங்கும் பொருளில், செய்பவர் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற தெளிவு இருக்கிறது. 'அங்கீகாரம் வழங்கியது' என்னும்போது ஒரு பெரிய நாடு சிறிய நிலத்துக்குப் பரிசு கொடுத்த தோரணை வந்துவிடுகிறது. 'தனிநாடாக ஏற்றது' என்று வினையாக எழுதினால் யார், எப்போது, எதற்காக என்ற கேள்விகள் கூடவே எழும். அதனால்தான் இதை விரும்புகிறேன்.

நமக்கு நெருங்கிய வரலாற்றில் பொருத்திப் பார்க்கலாம். 1971 டிசம்பர் 6 அன்று, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வங்கதேசத்தை இந்தியா தனிநாடாக ஏற்றது. பூட்டானும் அதே நாளில் ஏற்றது. பாகிஸ்தான் இந்தியாவுடன் தூதரக உறவை முறித்தது. சோவியத் ஒன்றியம் 1972 ஜனவரியிலும் அமெரிக்கா ஏப்ரலிலும் ஏற்றன. அந்த ஆகஸ்டில், ஐ.நா.வில் வங்கதேசம் சேர்வதைச் சீனா தன் வீட்டோவால் தடுத்தது. பாகிஸ்தான் 1974-இல் ஏற்க, சீனா 1975 ஆகஸ்ட் வரை ஏற்கவில்லை. ஒரே நாடு, அது பிறந்த நாள் ஒவ்வொரு தலைநகரிலும் ஒவ்வொன்று.

துணைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. 'டி ஜூரே' சட்டவழி ஏற்பு. 'டி ஃபாக்டோ' நடைமுறை ஏற்பு. சோவியத் அரசை பிரிட்டன் 1921-இல் வணிக ஒப்பந்தம் செய்து நடைமுறையில் ஏற்றது, 1924-இல்தான் சட்டவழியில் ஏற்றது. திரும்பப் பெறுவது ஏற்பு நீக்கம். எவரும் ஏற்காத, அல்லது மிகச் சிலரே ஏற்ற நிலத்தைப் பற்றி எழுதும்போது 'தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட' என்ற அடைமொழியைச் சேர்த்து, ஏற்றவர்களின் பெயரையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.